எருமை கனடாவுக்கு வந்த சனிக்கிழமை

மண்டபத்துக்கு முதல் ஆளாகப் போனவன் நான்தான். ஆசையில் போகவில்லை. பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போனேன்.

என் மகள் சாம்பவி தாய்லாந்தில் இருக்கிறாள். இங்கே கனடாவில், வங்கியில் நல்ல வேலை. அதை உதறிவிட்டு, சியாங்ராய் பக்கத்தில் ஏதோ மலையடிவாரத்துச் சிறுவர் இல்லத்தில் பிள்ளைகளுக்குப் படம் கீறவும் பொம்மை செய்யவும் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டாள். அவளைப் பெற்றவள் உயிரோடு இருந்திருந்தால் விட்டிருக்க மாட்டாள். நான் கத்தினேன், கேட்கவில்லை.

அப்படி ஒரு இல்லம் இருக்கிறது என்பதே எனக்கு நம்பிக்கை இல்லாத விஷயம். நல்ல காரியம் என்று சொல்லிக்கொண்டு வந்தவர்களை நான் சென் ஜேம்ஸ் ரவுணில் கோப்பை கழுவிய காலத்திலிருந்து பார்த்து வருகிறேன். எல்லாரும் காட்டுவது ஒரே படம்தான். சிரிக்கிற நாலு பிள்ளைகள், பின்னால் ஒரு பெயர்ப்பலகை. சாம்பவி போனில் வீடியோ அனுப்புவாள். பார்த்துவிட்டு, "உது பழைய வீடியோ" என்று சொல்லிவிடுவேன். அவள் சிரிப்பாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இப்படி இருக்கும்போது மோர்னிங்சைட்டில் எங்கள் ஆட்களின் கலைமன்றம் ஒரு கலைமாலை வைத்தது. அதில் அந்த இல்லத்துப் பிள்ளைகள் பொம்மலாட்டம் காட்டுவார்கள், அங்கிருந்தே நேரடியாக, பெரிய திரையில். அழைப்பிதழில் 'மாலை ஏழு மணிக்கு' என்று போட்டு, பக்கத்தில் சிவப்பு எழுத்தில் 'சரியாக' என்றும் போட்டிருந்தார்கள். இங்கே மாலை ஏழு என்றால் அங்கே அடுத்த நாள் விடிய ஆறு. அன்று அங்கே பள்ளிக்கூட விடுமுறை தொடங்குகிறது. சொந்தக்காரர் இருக்கிற பிள்ளைகளை மலைக் கிராமங்களுக்கு ஏற்றிக்கொண்டு போக ஒரு லொறி வரும். மத்தியானம் மழை பிடித்தால் பாதை சேறாகிவிடும், ஆகவே லொறிக்காரன் காலையிலேயே கிளம்பிவிடுவான், ஒருவருக்காகவும் நிற்கமாட்டான். ஏழுக்குத் தொடங்கினால்தான் லொறி வருமுன் ஆட்டம் முடியும். இதையெல்லாம் சாம்பவி மன்றத்துத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசாவுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள். அவரும் ஓம் ஓம் என்றாராம்.

என் மகள் இங்கே வளர்ந்தவள். அழைப்பிதழில் ஏழு என்று இருந்தால் ஏழு என்று நம்புகிறவள்.

நான் போனபோது மண்டபத்தில் இரண்டே பேர். சவுண்ட் சிஸ்டம் பூட்டுகிற றெமிஜியஸ், கொம்பியூற்றர் பார்க்கிற பிள்ளை அட்சயா. மற்றபடி கதிரைகள்தான்.

"என்ன றெமிஜியஸ், ஆக்களைக் காணேல்லை?"

"அண்ணை, நான் இந்தத் தொழிலுக்கு வந்து எவ்வளவு காலம். ஏழு மணி எண்டு போட்ட ஒரு கூட்டத்துக்கும் நான் ஏழு மணிக்கு மைக் போட்டதில்லை."

அப்போதே திரையில் வெளிச்சம் வந்தது. முதலில் ஒரு கோழி தெரிந்தது. பிறகு யாரோ போனைத் தூக்க, ஒரு தகரக் கொட்டகை, அதன் கீழே பாயில் வரிசையாகப் பிள்ளைகள், முப்பது பேர் வரும். தலையெல்லாம் தண்ணீர் வைத்து அழுத்திச் சீவி இழுத்திருந்தது. எல்லாரும் கைகளைக் கூப்பிக் குனிந்து கும்பிட்டார்கள். வெறும் கதிரைகளைத்தான் கும்பிட்டார்கள்.

"அப்பா! வந்திட்டீங்களோ!" சாம்பவியின் முகம் திரை முழுக்க வந்தது. "மற்ற ஆக்கள் எங்கை?"

"வருவினம்" என்றேன். "நீ அதை விடு. உந்தக் கறுப்புச் சேட்டுப் பொடியனை இடது காதைப் பிடிக்கச் சொல்லு."

"என்னத்துக்கு?"

"சொல்லு எண்டால் சொல்லு."

அட்சயா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அங்கிள், இது லைவ். ரெக்கோர்டிங் இல்லை."

"அதைத்தான் பாக்கிறன், பிள்ளை."

சாம்பவி அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். பொடியன் என்னைப் பார்த்து முழித்துவிட்டு இடது காதைப் பிடித்தான். நான் விடவில்லை. "வலது கையாலை பிடிக்கச் சொல்லு." கையை மாற்றிப் பிடித்தான். "மற்றக் கையாலை மற்றக் காதையும்." பிடித்தான். அந்தப் பிள்ளை இருக்கிறான்! இந்த நிமிசம், அந்தப் பக்கத்தில், எனக்கு முன்னால் இருக்கிறான்!

முன்வரிசையில் இருந்த பல் விழுந்த சிறுமி ஒருத்தி எழும்பிக் கையை நீட்டி என்னைக் காட்டி எதையோ கேட்டாள். பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். சாம்பவிக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"அப்பா, இவள் மீச்சு. நீங்கள்தான் வீடியோவாம். ஆக்கள் ஒருத்தரும் இல்லாத இடத்திலை ஒரு கிழவர் மட்டும் எப்பிடி நிக்கிறார் எண்டு கேக்கிறாள். உண்மையான ஆள் எண்டால் எதையாவது செய்துகாட்டட்டாம்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கேள்வி சரியான கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். கோட்டைக் கழற்றி றெமிஜியஸின் கையில் கொடுத்தேன். பிள்ளையாருக்கு முன்னால் போடுவதுபோல் கைகளை மாறிப் பிடித்துக் காதுகளைப் பற்றிக்கொண்டு தோப்புக்கரணம் போட்டேன். முழங்கால் நறுக்கென்றது. இன்னொன்று போட்டேன்.

அங்கே கொட்டகை அதிர்ந்தது. முப்பது பிள்ளைகளும் எழும்பிக் காதைப் பிடித்துக்கொண்டு என்னோடு குந்தி எழும்பினார்கள். கோழி ஒன்று பயந்து பறந்தது.

"அண்ணை, இனிப் போதும்" என்றான் றெமிஜியஸ். "அம்புலன்ஸுக்கு நான் அடிக்கமாட்டன்."

ஆட்கள் வரும்வரை என்று சாம்பவி போனைத் தூக்கிக்கொண்டு இல்லத்தைச் சுற்றிக் காட்டினாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு திரைக்குக் கிட்டக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு பெரிய பானையில் அரிசிக் கஞ்சி கொதித்தது. இரண்டு பெடியள் முறை வைத்துக் கிண்டினார்கள். தொட்டிக்கு மேலே தட்டுகள் அடுக்கியிருந்தன. தட்டின் அடியில் ஒவ்வொருவரும் தங்கள் அடையாளத்தைக் கீறியிருக்கிறார்கள்: ஒன்றில் மீன், ஒன்றில் பிறை, ஒன்றில் செருப்பு. மலையிலிருந்து புதிதாக வருகிற சின்னதுகளுக்கு எழுத்துத் தெரியாதாம், படம் தெரியும். எனக்கும் ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. அந்த முறை எனக்குப் பிடித்தது.

பிறகு துணி காயப்போடுகிற கொடி. பள்ளிக்கூடச் சட்டைகளுக்கு நடுவே கவ்விகளில் தலைகள் தொங்கின. ஒரு குரங்கு, ஒரு பொலிஸ்காரன், ஒரு கிழவி. பழைய பேப்பரை ஊறவைத்து, மிஞ்சின சோற்றைக் கூழாக்கிப் பசை காய்ச்சி, அவர்களே செய்த பொம்மைகள். இரண்டு மாத வேலை. எல்லாவற்றிலும் பெரியது ஓர் எருமைத் தலை, தேய்ந்த ரப்பர்ச் செருப்பில் கொம்பு. காது பிடித்த பொடியன், அவன் பெயர் கெங், அதை ஒரு கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வைத்திருந்தான். கதையும் அவர்கள் கட்டினதுதான். ஓர் எருமை கனடாவுக்குப் போகிறது. போனால், புரள்வதற்குச் சேறு இல்லை. எங்கே பார்த்தாலும் பனி. இதுதான் கதை. பனிக்கு ஒரு சாக்கு நிறைய இலவம்பஞ்சு.

"அப்பா, உண்மையைச் சொல்லுங்கோ." சாம்பவி போனைத் தன் பக்கம் திருப்பிக் குரலைத் தணித்தாள். "ஏழு தாண்டிட்டுது. ஆக்கள் வருவினமோ, வராயினமோ?"

"என்ன அவசரம்?"

"இங்கை விசிற்றர்ஸ் வருவினம். பிஸ்கற் குடுப்பினம், பிள்ளையளோடை படம் எடுப்பினம், பிள்ளையள் பாட்டுத் துடங்க எழும்பிப் போயிடுவினம். இவையள் செய்ததை ஒருத்தர்கூடக் கடைசிவரை இருந்து பாத்ததில்லை. கனடாவிலை ஒரு மண்டபம் நிறையப் பாப்பினம் எண்டு நான் சொல்லிப்போட்டன். விடியமுதலே எழும்பித் தலை இழுத்துக்கொண்டு இருக்குதுகள்."

நான் ஸ்ரீஸ்கந்தராசாவுக்குப் போன் அடித்தேன்.

"ஆ, தியாகலிங்கம்! நாங்கள் ஸ்ரௌவ்விலிலை. பிரதம விருந்தினர் வீட்டிலை. இப்பதான் ரீ வந்தது."

பிரதம விருந்தினர் என்றால் வீடு விற்கிற ஜூலியஸ். பஸ் தரிப்பிடமெல்லாம் அவருடைய படம்தான் சிரிக்கும்.

"பிள்ளையள் பாத்துக்கொண்டு இருக்குதுகள்" என்றேன். "ஏழு எண்டுதானே போட்டனீர்?"

"அட, ஏழு எண்டு போட்டால்தான் எட்டரைக்கு எண்டாலும் வருங்கள். உமக்குத் தெரியாதே எங்கடை சனம்? அதோடை லோங் வீக்கெண்ட்."

"அங்கை லொறி வந்திடும்."

"விளக்குக் கொளுத்தாமல் எப்பிடித் துடங்கிறது? விளக்கு, அகவணக்கம், வரவேற்பு நடனம், தலைமையுரை, பிறகுதான் மற்றதெல்லாம். ஒரு முறை இருக்கல்லோ, தியாகலிங்கம்!"

வைத்துவிட்டேன். வேறு நேரமாக இருந்தால் அந்த ஆளுக்கு இன்னும் நாலு சொல்லியிருப்பேன். அட்சயாவிடம், "பிள்ளை, துடங்கச் சொல்லாதை, நான் வாறவரைக்கும் பிடிச்சு வை" என்றேன்.

"எப்படி அங்கிள்?"

"பாட்டுப் பாடு. தோப்புக்கரணம் போடு. றெமிஜியஸைப் போடச் சொல்லு."

பார்க்கிங் லொட்டைக் குறுக்கறுத்து ஓடினேன். நான் ஓடி எத்தனையோ வருடம். அந்தப் பிளாசாவில் புனிதவதியின் கொத்துரொட்டிக் கடை இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் அங்கே கால் வைக்க இடம் இருக்காது. நம்பர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சனம் சுவரோடு சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டு நிற்கும். தட்டுக்கல்லில் இரண்டு கத்தியும் டக்கு டக்கென்று காதைப் பிளக்கும்.

"எல்லாரும் வாங்கோ!" என்று கத்தினேன். "பக்கத்து மண்டபத்துக்கு! பிள்ளையள் பொம்மலாட்டம் காட்டப்போகுதுகள்! தாய்லாந்திலையிருந்து!"

ஒருவரும் அசையவில்லை. ஒரு தடித்த மனுசன் மட்டும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னத்துக்குக் காசு சேக்கிறியள் ஐயா? கோயிலோ, இல்லமோ?"

"ஒண்டும் சேக்கேல்லை."

"எல்லாரும் முதல் அப்பிடித்தான் சொல்லுவினம். உள்ளை போனபிறகுதான் வாளி வரும்."

அந்த மனுசன் பேசியது நான் வழக்கமாகப் பேசுவதுதான், ஒரு சொல் பிசகாமல்.

"எனக்கும் உங்களைப் போலைதான்" என்றேன். "நான் உது பொய் எண்டு பிடிக்கத்தான் வந்தனான். அங்கை ஒரு பொடியன் இருக்கிறான். காதைப் பிடி எண்டால் பிடிக்கிறான். போய் நீங்களும் கேட்டுப் பாருங்கோ. அதுகள் செய்ததை ஒருத்தரும் இருந்து பாத்ததில்லையாம். அங்கை இப்ப வெறுங் கதிரையைப் பாத்துக்கொண்டு இருக்குதுகள். கொஞ்சத்திலை லொறி வந்திடும். பிறகு இல்லை."

தட்டுக்கல்லில் கத்திச் சத்தம் நின்றது. புனிதவதி இரண்டு கத்தியையும் கல்லின்மேல் வைத்துவிட்டு ஏப்ரனில் கையைத் துடைத்தாள்.

"இண்டைக்கு ஓடருக்கெல்லாம் அரை மணித்தியாலத்துக்கு மேலை செல்லும்" என்றாள். "நிண்டு என்ர முகத்தைப் பாக்கிறதிலும் பாக்க, போய்ப் பிள்ளையளின்ரை முகத்தைப் பாருங்கோவன். பாசலை நான் அங்கை கொண்டு வாறன். மண்டபத்திலை இல்லாத ஆளுக்குக் கொத்து இல்லை."

"அன்ரி, அது அநியாயம்!"

"ஓம், அநியாயம்தான். நடவுங்கோ!"

சனம் அசைந்தது. தமிழ்நாட்டுப் பொடியன் ஒருவன், கொம்பியூற்றர் கொம்பனி வேலைக்காரன், அழகேசன் என்று பெயர், "சார், என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் கார்ல இருக்காங்க, கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டான். "கேக்கிறாய் நிண்டு! ஓடு!" என்றேன். வழியில் புடவைக்கடைக்குள் தலையை நீட்டிக் கத்தினேன். சாரதிப் பயிற்சிக்காரர் காரை அரைவாசி நிறுத்தினபடி, ஸ்டியரிங் பிடித்திருந்த பிள்ளையோடு இறங்கி வந்தார்.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது றெமிஜியஸ் உண்மையாகவே மேடையில் பாடிக்கொண்டிருந்தான். பாட்டு மோசம், பிள்ளைகள் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் கூட்டம் கதவால் பிதுங்கி வருவதைக் கண்டதும் மீச்சு துள்ளி எழும்பினாள். அவள் போட்ட கூச்சலில் ஸ்பீக்கர் கீச்சிட்டது.

"சாம்பவி, துடங்கு!" என்றேன். "விளக்கும் இல்லை, ஒண்டும் இல்லை. துடங்கு!"

இரண்டு மூங்கிலுக்கு நடுவில் கட்டின நீலச் சாரத் துணிக்கு மேலே எருமைத் தலை மெல்ல எழும்பியது. கனடா என்றால் என்ன என்று குரங்கிடம் கேட்டது. குரங்கு தெரியாது என்றது. சாம்பவி ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னாள், பாதி இங்கிலீசு கலந்த அவளுடைய தமிழில். எருமை விமானத்தில் ஏறியது. விமானம் ஒரு தண்ணீர்ப் போத்தல். கொம்பு இடித்து யன்னல் உடைந்தது. முன்வரிசையில் அந்தத் தடித்த மனுசன் விழுந்து விழுந்து சிரித்தார். எயார்போட்டில் பொலிஸ்காரன், "உங்கடை சேறு எங்கே?" என்று கேட்டான். "அதைத்தான் நானும் தேடி வந்தனான்" என்றது எருமை. மண்டபம் இடிந்தது. புடவைக்கடைப் பெண்கள் ஆளையாள் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பிறகு பனி கொட்டியது. பத்துக் கை சாக்கிலிருந்து பஞ்சை அள்ளி எறிந்தது. எருமைக்குத் தும்மல் பிடித்தது. கெங் தும்முகிறானா எருமை தும்முகிறதா என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. பட்டு வேட்டி, சால்வையோடு ஸ்ரீஸ்கந்தராசா, அவருக்குப் பின்னால் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு ஒருவர், அவருக்குப் பின்னால் ஜூலியஸ்.

"என்ன இது! ஆர் துடங்கச் சொன்னது?"

"உஸ்!" என்றது மண்டபம் முழுவதும்.

"தலைவர்," என்றேன், "ஒண்டில் இருங்கோ, இல்லாட்டி வெளியிலை போய் விளக்கைக் கொளுத்துங்கோ. திரையை மறைக்காதையுங்கோ."

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் ஜூலியஸ் ஒரு கதிரையில் இருந்துவிட்டார். "எருமை ஏன் தும்முது?" என்று பக்கத்து ஆளிடம் கேட்டார். தலைவரும் இருக்க வேண்டியதாயிற்று.

எருமை வீடு வீடாகக் கதவு தட்டிச் சேறு கேட்டது. ஒரு கிழவி கோப்பி தந்தாள், சேறு இல்லை என்றாள். ஒரு பிள்ளை சொக்கிளேற் தந்தது. எருமை அதில் மூக்கைத் தேய்த்துப் பார்த்து அழுதது. அந்த அழுகையைக் கேட்டு எங்கள் பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அப்போதுதான் கேட்டது, ஹோர்ன் சத்தம். அங்கே, கொட்டகைக்கு வெளியே.

சாம்பவி போனைத் திருப்பினாள். லொறி வந்து நின்றது. தொப்பி போட்ட லொறிக்காரன் வானத்தைக் காட்டினான், கையை வீசினான். அவள் கெஞ்சினாள். அவன் மறுபடியும் ஹோர்னை அழுத்தினான்.

"அப்பா, மழை இருட்டிக்கொண்டு வருதாம். நிக்கமாட்டானாம். இன்னும் கடைசிக் காட்சி இருக்குது!"

"நிக்கச் சொல்லு!" என்று கத்தினேன். எனக்குப் பின்னால் எல்லாரும் கத்தினார்கள். "நிக்கச் சொல்லு! நிக்கச் சொல்லு!" லொறிக்காரனுக்குத் தமிழ் விளங்கவா போகிறது? ஊருக்குப் போகிற பிள்ளைகள் பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், மற்றவர்களும் வழியனுப்பப் பின்னால் ஓடினார்கள். கொட்டகை வெறுமையாயிற்று, பஞ்சு மட்டும் பறந்தது. மண்டபத்தில் "ச்சே" என்று ஒரு மூச்சு.

திரை குலுங்கியது. சாம்பவியும் லொறியில் ஏறிவிட்டாள்! பின்பெட்டியில் பிள்ளைகள் நெருக்கி நின்றார்கள். மீச்சுவும் இன்னொருத்தியும் நீலச் சாரத்தைக் கம்பிக்குக் குறுக்கே இழுத்துப் பிடித்திருந்தார்கள். அதற்கு மேலே எருமைத் தலை! லொறி பாதைப் பள்ளத்தில் விழ எருமை துள்ளியது, பொலிஸ்காரன் குரங்கின்மேல் விழுந்தான், ஆட்டம் நிற்கவில்லை. எங்கள் சனம் கதிரையில் இல்லை. எல்லாரும் எழும்பி நின்று, கிரிக்கெட் பார்ப்பதுபோல் கையைக் காற்றில் குத்திக் கூவிக்கொண்டிருந்தார்கள்.

"எருமை சொல்லுது," சாம்பவி மூச்சு வாங்கினாள், "இனி நான் ஊருக்குப் போகமாட்டன், சேறு இஞ்சைதான் எங்கையோ..."

படம் உறைந்தது. எருமையின் வாய் திறந்தபடி நின்றது.

"சிக்னல் போயிட்டுது" என்றாள் அட்சயா. அவள் முகம் அழுகிறமாதிரி இருந்தது. "மலைக்குள்ளை போயிட்டினம்."

அந்த நேரம் பார்த்துப் புனிதவதி பாசல்களோடு வந்தாள். ஒருவரும் வாங்கவில்லை. கொத்து ஆறிக்கொண்டிருந்தது.

"பிறகென்ன நடந்தது?" என்று ஜூலியஸ் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்?"

"வசந்தம் வந்து பனி கரைஞ்சு சேறாகும்" என்றாள் புடவைக்கடைக்காரி. "அதுதான் முடிவு."

"இல்லை, அது செத்துப்போகும்" என்றார் தடித்த மனுசன்.

"சும்மா இரும் ஐயா! பிள்ளையள் சாக விடுங்களே?"

சண்டை பிடித்துக்கொண்டது. இதற்குள் உண்மையான விருந்தினர்கள், காஞ்சிபுரமும் நகையுமாக, எட்டரைக்கு என்று வீட்டில் தீர்மானித்தவர்கள், ஒவ்வொரு குடும்பமாக உள்ளே வந்து, "துடங்கியிட்டுதோ?" என்று கேட்டுக்கொண்டு நின்றார்கள். மேடைக்கு ஏறுவோமா என்று தலைவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. ஒருவரும் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை, உறைந்த எருமையைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

டிங் என்றது. படம் அசைந்தது!

"அப்பா! கேக்குதோ? இருக்கிறீங்களோ எல்லாரும்?"

"இருக்கிறம்!" என்று நூறு குரல்.

மலைப்பாதை முடக்கில் லொறி நின்றுகொண்டிருந்தது. ஹோர்ன் அடித்த அதே லொறிக்காரன் கதவைத் திறந்து இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு றோட்டோரத்தில் குந்தியிருந்தான். முன்னுக்கு இருந்து கேட்டுக்கொண்டு வந்தவனுக்கு முடிவு தெரியாமல் ஓட்ட முடியவில்லையாம். சிக்னல் இருக்கிற இடம் அவனுக்குத்தான் தெரியும், அவனே நிறுத்தினானாம்.

மழை தொடங்கியிருந்தது. பிள்ளைகள் ஒவ்வொன்றாய்க் குதித்து இறங்கினார்கள். சாரத்தை மறந்துவிட்டார்கள். கெங் எருமைத் தலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தான். பாதையோரத்தில் வயல், தண்ணீர் கட்டிய சேறு. அவன் வரம்பில் நின்று மீச்சுவைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள்.

"டேய், அது பேப்பரடா!" என்று தடித்த மனுசன் கத்தினார். "கரைஞ்சு போயிடும்!"

கெங் குந்தினான். இரண்டு மாதம் செய்த எருமையை, செருப்புக் கொம்போடும் வர்ணத்தோடும், முகம் குப்புறச் சேற்றுக்குள் அமுக்கினான். அமுக்கிப் புரட்டினான். மறுபக்கமும் புரட்டினான். எருமையின் குரலில், சந்தோசம் தாங்காத ஒரு நீண்ட முக்கல். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. பிறகு தூக்கி எங்களுக்குக் காட்டினான். ஒரு கண் இல்லை, மூக்குக் கரைந்து வழிந்தது, கொம்பு மட்டும் நிமிர்ந்து நின்றது.

அந்த மண்டபத்தில் எழுந்த சத்தத்தை நான் என்ன என்று எழுத. தட்டுக்கல்லில் இரண்டு கத்தியும் ஒன்றாய் விழுந்ததுபோல் இருந்தது. மீச்சு சேறு பூசின கைகளைக் கூப்பி, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு எங்களை எண்ணுவதுபோல் விரலை நீட்டி நீட்டிப் பார்த்தாள்.

"அப்பா," என்றாள் சாம்பவி, மழையில் நனைந்தபடி, "ஒருத்தரும் எழும்பிப் போகேல்லையோ எண்டு கேக்கிறாள்."

"எழும்பினவைதான்" என்றேன். "ஒருத்தரும் போகேல்லை."